இருபதாவது வளைவில் எடுத்த சாவி

ஜெனரேட்டரின் சத்தம் ஓயும்போதுதான் டோமினிக்குக்குப் பயம் தொடங்கும். அது ஓடும்வரை சினிமா யூனிட்டில் அவர் முக்கியமான ஆள். அவர் கை வைத்தால்தான் விளக்கு எரியும். ‘பேக்கப்’ என்று குரல் கேட்டு, மெஷினை அணைத்து, கேபிளைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டால் மிச்சம் இருப்பது மலையை விட்டு இறங்குவது ஒன்றுதான். பயம் அதற்குத்தான்.

ஏற்காட்டு மலையில், நாகலூர் காபி எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எஸ்டேட் டீசல் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டார். ஒருமுறை ஏற்காட்டுக்குப் படம் எடுக்க வந்த யூனிட்டின் ஜெனரேட்டர் மக்கர் பண்ண, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் இவரை அனுப்பி வைத்தார். மறுவருடம் சென்னையில் சங்க கார்டு வாங்கிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கார்டும் ஜெபமாலையும் ஒரே சட்டைப் பையில்தான் இருக்கின்றன.

கார்டு சோறு போட்டது. பயம் காட்டியதும் அதே கார்டுதான். சினிமாவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சங்கம்: விளக்குப் பிடிப்பவருக்கு ஒன்று, சமைப்பவருக்கு ஒன்று, வண்டி ஓட்டுபவருக்கு ஒன்று. ஒரு சங்கத்தின் வேலையை இன்னொரு சங்கத்து ஆள் தொட்டால் பஞ்சாயத்துதான். டோமினிக்கிடம் லாரி ஓட்டும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் கார்டு ஜெனரேட்டர் இயக்குபவர் கார்டு. அதனால் ஜெனரேட்டரைச் சுமக்கும் லாரியின் ஸ்டீரிங்கை அவர் தொடக்கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவர் சித்தன். இருபத்தாறு மணி நேரம் தொடர்ந்து வேலை. பட்டப்பகலில், மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் சித்தனின் தலை மார்பில் சாய்ந்ததை டோமினிக் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தார். அதற்கு முன் இரண்டு முறை சாய்ந்ததையும் பார்த்திருந்தார். நான் ஓட்டட்டுமா என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. கார்டு போய்விட்டால் என்ற நினைப்பில் விழுங்கிவிட்டார். லாரி பாறையில் மோதியது. டோமினிக்குக்கு நெற்றியில் நாலு தையல். சித்தனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. போலீஸ் கேட்டபோது, யூனிட் மேனேஜர் சொல்லிக் கொடுத்தபடி டோமினிக் சொன்னது ஒரே சொல்: “பனிங்க.” அன்று வெயில் அடித்தது அவருக்கும் சித்தனுக்கும்தான் தெரியும்.

இப்போது சித்தன் கட்டைக் கால் மாட்டிக்கொண்டு, மலைமேல் ஒண்டிக்கடை என்ற முக்கில் டீக்கடை நடத்துகிறார். டோமினிக் வாரம் தவறாமல் போவார். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

போன தை மாதம் ஏற்காட்டில் சர்ச் ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. சென்னைச் சங்க அலுவலகத்திலிருந்து ஷெர்லின் என்ற பெண் வந்திருந்தார். உலகம் முழுக்க உள்ள கேளிக்கைத் தொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு என்றும், அதன் கதை நம் கதை மாதிரிதான் என்றும் அவர் சொன்னார். முதலில் சினிமா, டிவி ஆட்கள் தனிக் கூடாரம். ரேடியோக்காரர்கள், மேடை ஆட்கள் வேறு கூடாரம். அவர் வேலையில் இவருக்கு அக்கறையில்லை, இவர் கஷ்டம் அவருக்குத் தெரியாது. தொண்ணூறுகளில்தான் அந்த இரண்டும் ஒன்றாகி, பிறகு இன்னும் பெரிய கூட்டமைப்போடு சேர்ந்தன. ராப்பகலாக வேலை பார்த்துவிட்டு வண்டியில் தூங்கிச் செத்தவர்கள் அமெரிக்காவிலும் உண்டு என்று அவர் சொன்னபோது டோமினிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷர் அன்றைக்கு எழுந்துவிட்டார்.

“ஏனுங்க, டிரைவர் தூங்கறாப்ல. நான் ஸ்டீரிங்கத் தொட்டா கார்டப் புடுங்கீருவாங்க. அந்த ஊருல என்னங்க பண்ணுவாங்க?”

பின்னாலிருந்து ஒருவன், அந்த ஊர்ல மலையே இருக்காதுங்கண்ணா என்றான். ஹால் சிரித்தது. ஷெர்லின் சிரிக்கவில்லை.

“உங்கள ஓட்டச் சொல்லலைங்கண்ணா. நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்தறது எந்தச் சங்கத்துக்கும் தனி வேலை இல்லீங்க.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மலையில் இறங்கும்போது யார் அதை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணியபடி டோமினிக் வீட்டுக்குப் போனார்.

ஆவணியில் நாகலூர் பக்கம் ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. முதல் நாள் காலை ஏழுக்குத் தொடங்கியது மறுநாள் காலை ஆறைத் தாண்டி முடிந்தது. மெஷினை அணைத்துவிட்டு, அது ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார். இருபத்து மூன்று மணி நேரம். இருநூற்றைம்பது மணி நேரம் ஓடினால் இந்த மெஷினுக்கு ஆயில் மாற்றிவிட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் பண்ணுவார்கள். லாரி டிரைவர் பிரகாஷ் முகம் கழுவிக்கொண்டிருந்தான். போன மாதம்தான் கல்யாணம் ஆன பையன். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கண் இரண்டும் மிளகாய்ப்பழம். ஒன்பது மணிக்குள் லாரி சேலத்தில் நிற்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுக் காரில் முன்னால் போய்விட்டார்.

ஒண்டிக்கடையில் டீக்கு நிறுத்தினார்கள். சித்தன் பிரகாஷின் கண்ணைப் பார்த்தார். “ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போ சாமி” என்றார். பிரகாஷ் டீயைக் குடித்துவிட்டு, இதுவே போதுங்கண்ணா என்று சிரித்தான். சித்தன் டோமினிக்கைப் பார்த்தார். டோமினிக் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டார்.

இறக்கம் தொடங்கியது. பனி அடர்ந்து கிடந்தது. இந்தமுறை நிஜப் பனி. மேலிருந்து இறங்கும்போது முதலில் வரும் இருபதாவது வளைவின் ‘20/20’ என்ற பலகை தெரிந்தபோது பிரகாஷின் தலை லேசாக ஆடியது. டயருக்கு அடியில் ரோட்டோர ஜல்லி நெறிபடும் சத்தம் கேட்டது. டோமினிக்குக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

“நிறுத்து சாமி. பிரேக்கப் போடு.”

அது தன் குரல்தானா என்றே தெரியவில்லை. லாரி தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டோமினிக் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், சாவியைப் பிடுங்கினார், இறங்கி ஓடிப்போய் டயருக்குக் கல் வைத்தார். அவசரத்தில் முதல் கல் காலிலேயே விழுந்தது.

பிரகாஷ் கெஞ்சினான், பிறகு கோபப்பட்டான். சாவியை எடுக்க நீங்கள் யார், எங்கள் சங்கத்தில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்றான். தெரியும் என்று டோமினிக் தலையாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் கார்டோடு போட்டுக்கொண்டார். திட்டிக்கொண்டே சீட்டில் சாய்ந்தவன் ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

ஒன்பதரைக்கு மேனேஜரின் போன் வந்தது. லாரி எங்கே என்று கத்தியவர், பதிலுக்குக் காத்திராமல் குரலை இறக்கி, “பனியா? பனின்னா சரி, அப்படியே சொல்லிக்கலாம்” என்றார். அந்த ஒரு சொல் போதும். வேலையும் தப்பும், கார்டும் தப்பும். டோமினிக் வாயைத் திறந்தார். பனி என்றுதான் வரப் பார்த்தது.

“பனி இல்லீங்க சார். இருபத்து மூணு மணி நேரமாச்சுங்க. பையனுக்குத் தூக்கம். நாந்தான் நிறுத்துனேன்.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்தபின் பிரகாஷ் எழுந்து கையை நீட்டினான். டோமினிக் சாவியைக் கொடுத்தார். வழக்கமாக ஏழாவது வளைவில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்கு மூடாமல் பிரகாஷின் கண்ணையே பார்த்துக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு பத்து நாளாக எந்த யூனிட்டும் கூப்பிடவில்லை. இரண்டு சங்கத்திலும் பேச்சு ஓடுவதாகக் காதில் விழுந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒண்டிக்கடைக்குப் போவதுதான். பிரகாஷை நிறுத்த முடிந்ததென்றால் சித்தனையும் நிறுத்தியிருக்க முடியும். பதினோராம் நாள் போனார். சித்தன் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“அன்னைக்கு ஏன் நிறுத்தச் சொல்லல, டோமினிக்கு?”

“நொம்ப பயமா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பவும் பயந்தான்.”

சித்தன் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார். டீயில் ஆடை படிகிறது, குடி என்றார்.