விருந்தாளி குடித்த தண்ணீர்

திருப்பதியில் எங்கள் ஆய்வு அலுவலகத்தில் மூன்றே பேர். ஆய்வுக்குப் பணம் தருகிறவர்களை ஒன்று சேர்ப்பது என் வேலை. கல்யாணத் தரகர் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். தப்பில்லை. உள்ளூரில் யாராவது பங்கு போட்டால் நாங்களும் தருகிறோம் என்பார்கள் வெளிநாட்டுக்காரர்கள். முதலில் அவர்கள் கையெழுத்துப் போடட்டும் என்பார்கள் சித்தூர் அறக்கட்டளைக்காரர்கள். நடுவில் நான் இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

தண்ணீர் பிடிக்கவே பெண்களுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதுதான் ஆய்வு. ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்திலும் பிச்சாட்டூர் பக்கம் ஒரு கிராமத்திலும் தினமும் நோட்டில் குறித்து வந்தோம். பிச்சாட்டூர் பக்கத்து ஊரிலிருந்து அணை கண்ணுக்குத் தெரியும், குழாயில்தான் தண்ணீர் வராது. நோட்டு எழுதியவள் அந்த ஊர்ப் பெண், கூலிக்குப் போகும் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பணம் நின்றால் ஆய்வும் நிற்கும், அவள் ஃபேக்டரி வேலைக்கு வேன் ஏற வேண்டியதுதான்.

இரண்டு தரப்பும் சேர்ந்து ஊரைப் பார்க்க வருவதாக முடிவானது. நான் அவளுக்குப் போன் செய்து, "பெரிய மனுஷங்க வராங்க, ஊர்ல நல்லா கவனிச்சுக்கச் சொல்லு" என்றேன். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல் என்றும் சேர்த்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

நாங்கள் போனபோது ஒவ்வொரு வாசலிலும் குடங்கள் தளும்பின. தண்ணீர் போதுகிறதா என்று வெளிநாட்டு அம்மா கேட்டதை மொழிபெயர்த்தேன். "ஏராளமா கீது. மொதல்ல நீங்க குடிங்க" என்றாள் ஒருத்தி. அந்த அம்மா இரண்டு டம்ளர் குடித்தார். திரும்பும் வழியில், வேறு ஏதாவது ஊருக்கு இந்தப் பணம் அதிகம் பயன்படலாமே என்று இரண்டு தரப்பாரும் நாசூக்காகச் சொன்னார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை நோட்டு எழுதும் பெண்ணின் முன்னால் போய் நின்றேன். "ஒருத்தியாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"வூட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு, அதுக்குப் பட்ட பாட்டையும் சொல்லிக்கினு இருப்பாங்களாக்கா? நீங்கதான நல்லா கவனிக்கச் சொன்னீங்க."

நோட்டைப் புரட்டினேன். முந்தின நாளையும் எழுதியிருந்தாள். பெண்கள் விடியற்காலையிலேயே கிளம்பி, ஊருக்கு வெளியே பம்புசெட்டுக்கு நடையாய் நடந்து அத்தனை குடத்தையும் நிரப்பியிருக்கிறார்கள். அந்த நோட்டில் வேறு எந்த நாளும் அவ்வளவு நேரம் போனதில்லை.

"இந்தப் பக்கத்தை அனுப்பிடலாம்" என்றேன்.

"வேணாங்கா. அந்தம்மா படிச்சா சங்கடப்படுவாங்க. குடிச்ச தண்ணியச் சொல்லிக் காட்டின மாரி ஆயிடும்."

அவள் வேலையே அந்தப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தெருவில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவளே போனாள். வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள்.

"அனுப்பிக்கங்க. ஆனா அந்தம்மா இன்னொரு வாட்டி வந்து இங்க சோறு துன்னுட்டுப் போவணுமாம்."

அந்த அழைப்போடு பக்கம் போனது. இரண்டு தரப்பாரும் கையெழுத்துப் போட்டார்கள், அவள் வேன் ஏறவில்லை. ஒப்புதல் கடிதத்தின் கடைசியில் அந்த அம்மா ஒன்று கேட்டிருந்தார்: அன்றைக்கு நான் குடித்த இரண்டு டம்ளர் தண்ணீருக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"வந்தவங்க குடிச்சதுக்கெல்லாம் யாராவது நேரம் பாப்பாங்களாக்கா?"

பணம் தருகிறவர்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.