கடைக்குப் போனவள்

ஆட்களை நீக்குவதுதான் என் வேலை. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் வெளியில் டேட்டா அனலிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறேன். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த கோப்பு என் மேசைக்கு வரும். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் தங்கிவிட்டவர் அந்த வீட்டு ஆள் இல்லை என்பது விதி. நம் ஜனங்களுக்கு இந்த விதி ஏறவே ஏறாது. துபாயில் இருக்கும் மகனைச் சொல்வார்கள், கட்டிக்கொடுத்த மகளைச் சொல்வார்கள். ஒரு வீட்டில் செத்துப்போன மாமனாரையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். அந்த வரிகளைத் தேடிப் பிடித்து எடுப்பேன். எடுக்கும்போது பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். "இங்கே வசிக்கவில்லை." நாள் முழுக்க இதையே எழுதியிருக்கிறேன். கை கூசியதில்லை.

கூசியது ஒரே ஒரு முறை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். அணைத் தண்ணீர் பாயும் கழனி, எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு, அதில் ஒரு குழி நிலம்கூட எங்களுடையது இல்லை. அம்மா கரும்பு வெட்டவும் களையெடுக்கவும் போனாள். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஆக, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

புள்ளியியலை நான் ஒன்றும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கல்லூரியில் இடம் கொடுத்த அன்று நான் ஏறிய டவுன் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் தமிழும் தீர்ந்து போயிருந்தது, வணிகவியலும் தீர்ந்து போயிருந்தது. யாரும் சீண்டாத ஒரு பாடத்தில் மட்டும் இடம் கிடந்தது.

"இத எடுத்துக்கிறியாம்மா? இல்லன்னா அடுத்த வருசம் வா" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

அடுத்த வருஷம் என் கையில் அரிவாள்தான் இருக்கும். எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து சொன்னதும் எதிர்வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "புள்ளி வைக்கிறதுக்கு ஒரு காலேஜா? மார்கழி மாசத்துல என் வூட்டு வாசலுக்கு வா, காசில்லாம சொல்லித் தரேன்." பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "சும்மா இரு. நாளைக்கே பெரும்புள்ளி ஆயிட்டா நம்மள யாருன்னு கேப்பா." அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தினி வருசம்?" என்றாள்.

"மூணு."

"சரி, படி."

மூன்று வருஷம் படித்துவிட்டு வீட்டில் இருப்பேன் என்று நினைத்துத்தான் அவள் சரி என்றிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியவில்லை. மூன்று முடித்து மேலே இரண்டு படித்தேன். பிறகு சென்னை, வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போவேன். போன மறுநாளே திரும்ப வேண்டும் என்று பரபரப்பேன். அங்கே தங்கி என்ன பேசுவது என்றும் தெரியாது.

வகுப்பில் நாங்கள் ஏழு பேர், அதில் நான் ஒருத்திதான் பெண். ஒரு முழு பெஞ்சு எனக்கு. மூன்று வருஷமும் பை வைக்கவும் டிபன் வைக்கவும் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இப்போது நிலைமை தலைகீழ். அதே படிப்புக்கு இடம் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்களாம். அன்று சிரித்த எதிர்வீட்டு அக்காவே போன் போட்டு, தன் மகளை டேட்டா சயின்ஸில் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்கிறாள். என் அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸாக இருந்து வந்தவள் ஒருத்தி, வங்கி வேலையை விட்டு வந்தவர் ஒருவர், காது கேட்காத ஓர் இளைஞர், அவர் எங்கள் எல்லோரையும்விட வேகம். எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நல்லதுதான், வரட்டும். ஆனால் கூட்டம் சேர்ந்தால் என் தனிமை போய்விடும் என்று நினைத்தேன் பாருங்கள், அது சுத்த முட்டாள்தனம். மதியம் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து இங்கிலீஷில் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிவதற்குள் அவர்கள் சிரித்து முடித்துவிடுவார்கள். நான் எலுமிச்சை சாதத்தை என் இடத்திலேயே கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சாப்பிட்டுவிடுவேன். சாயங்காலம் ஹாஸ்டல், மூன்றாம் மாடியில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. எங்கள் கணக்கெடுப்பில் ஹாஸ்டல்கள் வராது. அது வீடு இல்லை. அதுவும் விதிதான்.

இந்த விதிகளில் நான் ரொம்பக் கறார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வெளியூர் போன மகன்களின் வரிகளை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தாள். கேட்டால், "அந்த அம்மாவுக்கு பையன் இன்னும் வீட்லதான் இருக்கான்னு தோணுது போல மேடம், பாவமா இருந்துச்சு" என்றாள். "தோணுறத எல்லாம் எழுத இது டைரி இல்ல" என்று எல்லோர் முன்னாலும் கடித்துக் குதறிவிட்டேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்து அத்தனை வரிகளையும் எடுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் மாவட்டத்துக் கோப்பு வந்தது. வேறு யாராவது பார்த்திருக்கலாம். நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினேன்.

பெயர்கள் இருக்காது. ஊருக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண். எங்கள் ஊரின் எண்ணைத் தேடி ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வீட்டில் நின்றுவிட்டேன். வரிசை எண் ஒன்று: பெண், குடும்பத் தலைவி, கணவர் இல்லை, பள்ளிக்குப் போனதில்லை, விவசாயக் கூலி. வரிசை எண் இரண்டு: பெண், மகள், முப்பத்திரண்டு வயது, திருமணம் ஆகவில்லை, முதுகலைப் பட்டம், பாடம் புள்ளியியல். எங்கள் ஊரில் அப்படி எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கப் புள்ளியியல் தேவையில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் தங்கியவரா? இல்லை. நேற்று இரவு இந்த வீட்டில் தூங்கினாரா? ஆமாம்.

"அடிப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து இடத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

"அம்மா, வூட்டுக்குக் கணக்கெடுக்க யாராச்சும் வந்தாங்களா?"

"ஆமா, ஒரு பொண்ணு வந்துச்சு. மலப் பொண்ணு, வெள்ளிமலை பக்கமாம். கையில பலக மாதிரி ஒண்ண வச்சிக்கினு தட்டிக்கினே இருந்துச்சு. உனுக்கு எப்டித் தெரியும்?"

"வூட்ல எத்தினி பேருன்னு கேட்டாளா?"

"கேட்டுச்சு. ரெண்டு பேருன்னேன்."

"நான் எங்கம்மா அங்க இருக்கேன்?"

"பின்ன எங்க இருக்கிற?"

ஹாஸ்டல் வீடு இல்லை என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. இருந்தும் சரியாக அந்தக் கேள்வியிலேயே வந்து நின்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அவ எங்கன்னு கேட்டிருப்பாளே?"

"கடைக்குப் போயிருக்குதுன்னேன்."

கடைக்கு! ஒன்பது வருஷமாக நான் கடைக்குப் போயிருக்கிறேன்.

"ஏம்மா இப்படிப் பொய் சொன்ன?"

"இன்னாத்தப் பொய்யி? பேர எடுத்துட்டாங்கன்னா? ரேஷன் கார்டுல பேர எடுக்கணும்னா ஒண்ணு கண்ணாலம் ஆவணும், இல்ல செத்துப் போவணும். உனுக்கு ரெண்டும் ஆவலயே."

இது ரேஷன் கார்டு இல்லை, இதில் யார் பெயரும் இருக்காது என்று விளக்கினேன். "பேரே இல்லன்னா அப்புறம் எடுக்கறதுக்கு இன்னா இருக்குது? வுடு" என்றாள். பிறகு அவளாகவே தொடர்ந்தாள். "பாவம் அந்தப் பொண்ணு. நீ இன்னா படிச்சிருக்கேன்னு கேட்டுச்சு, சொன்னேன். அது மூஞ்சே மாறிப் போச்சு. அதுவும் அதே படிப்புதானாம், அதே காலேஜுதானாம். லீவுல இந்த வேலைக்கு வந்திருக்குதாம். அதுங்க ஊர்ல இந்தப் படிப்பு படிக்கறது அது ஒருத்திதானாம். அக்கா வரட்டும், பாத்துட்டுப் போறேன்னு உக்காந்துக்கினு இருந்துச்சு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் மலைக்குப் போற கடசி வண்டி போயிடும்னு கெளம்பிடுச்சு."

"நான் வரமாட்டேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"டீ போட்டுக் குடுத்தேன். எனுக்கும் பேச ஒரு ஆளு இருந்துச்சு" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் இந்த வீட்டில் ஒரு தவறும் கண்டுபிடிக்கவில்லை. பச்சை நிறத்தில் சரி என்று காட்டியது. விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அம்மாவும் நானும் அந்த வீட்டில் இரண்டு பேராகவே இருந்துவிடலாம். எடுத்தால் அந்த வீட்டிலும் இருக்க மாட்டேன், ஹாஸ்டலிலும் இருக்க மாட்டேன், எந்தக் கணக்கிலும் எங்கேயும் இருக்க மாட்டேன். எதிர் வரிசையில் போன வாரம் நான் திட்டி அழவைத்த பெண் தலைகுனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா?

வரிசை எண் இரண்டை எடுத்தேன். காரணம்: இங்கே வசிக்கவில்லை. மொத்த உறுப்பினர்கள் என்ற இடத்தில் இரண்டு போய் ஒன்று வந்தது. தனியாக வாழும் பெண்கள் என்ற பட்டியலில் அம்மா சேர்ந்துகொண்டாள். எடுத்த வரியோடு கணக்கெடுப்பாளர் எழுதிய குறிப்பு ஏதும் இருந்தால் அது கடைசியாக ஒருமுறை திரையில் வரும். வந்தது.

"வரிசை எண் 2 கடைக்குப் போயிருக்கிறார். காத்திருந்தேன். வரவில்லை."

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அம்மாவுக்காகவா, எனக்காகவா, முகம் தெரியாத அந்த மலைப் பெண்ணுக்காகவா என்று தெரியவில்லை. முழு பெஞ்சும் அவளுக்குத்தான் இப்போது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, இப்போது வகுப்பு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இருந்தும் அவள் ஒரு மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"இன்னா, பேர எடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா. இருக்குது" என்றேன்.

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருதான்."

"அப்ப சரி" என்றாள். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. "இந்தா, கடைக்குப் போனவளே, வரும்போது ஒரு பாக்கெட் டீத்தூளு வாங்கிக்கினு வா. அந்தப் பொண்ணுக்குப் போட்டதோட தீந்து போச்சு."