மேலிடத்துக்கு ஒரே கிட்னி

கிரேன் ஓட்டுகிறவருக்குக் கட்டட வேலையிடத்தில் வைத்த பெயர் மேலிடம். எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார். கம்பிக்கட்டு எப்போது வரும் என்று கேட்டால், "மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்" என்பார்கள் கீழே. அவரும் பெயரைக் காப்பாற்றுகிற மாதிரி எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்.

மேலிடத்தில் மின்விசிறி உண்டு, ரேடியோ உண்டு. கக்கூஸ் மட்டும் கிடையாது. ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும், மேஸ்திரி கத்துவார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர் காப்பி, அதோடு சரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். ஒட்டகம் பார்த்தால் வெட்கப்பட்டிருக்கும்.

கிட்னி அப்படியெல்லாம் வெட்கப்படவில்லை. கல் வைத்துவிட்டது. அந்தக் கல் இறங்கி, கிட்னியிலிருந்து வருகிற குழாயில் மாதக்கணக்கில் குந்தியிருந்து, குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிட்டது. முதுகு வலிக்கான பழியை அவர் கிரேன் சீட்டின் மேல் போட்டார். சீட்டுக்கு ஒரு தலையணை வாங்கினார்.

ஸ்கேன் எடுத்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இடது கிட்னி பிறவியிலேயே சுண்டைக்காய் அளவு. வேலைக்கு ஆகாது. இத்தனை காலமும் வலதுதான் தனியாளாய்க் குடும்பம் நடத்தியிருக்கிறது. இப்போது அதுவும் வீங்கி நிற்கிறது. அவசரத்துக்கு முதுகில் ஒரு குழாயைச் சொருகி, இடுப்பில் ஒரு பையைக் கட்டிவிட்டார்கள். உள்ளே இறங்க வேண்டியது எல்லாம் பைக்குள் இறங்கியது.

டாக்டர் இதையெல்லாம் விளக்கும்போது மேலிடம் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்ட கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. மனைவிதான் கேட்டாள்.

"எடுத்துட வேண்டியிருக்குமா டாக்டர்?"

"எடுக்கக் கூடாதுன்னுதாம்மா இந்த ஆபரேஷன். இருக்கிறதே ஒண்ணு. சுருங்கின துண்டை வெட்டிட்டு, நல்லா இருக்கிற ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கணும். சேர்ந்து வழி விட்டுச்சுன்னா கிட்னி பிழைச்சுக்கும். விடலைன்னா இந்தப் பையோடயே இருக்கணும். கிட்னியும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும், அப்புறம் டயாலிசிஸ்தான். கிரேனை மறந்துடணும்."

தைக்கப் போவது ரோபோவின் கைகள் என்றார். டாக்டர் ஆபரேஷன் மேசைப் பக்கமே நிற்க மாட்டார். மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விரலில் பிடிகளை மாட்டிக்கொண்டு அங்கிருந்தே ஓட்டுவார்.

"அப்ப இவரைத் தொடவே மாட்டீங்களா?" என்றாள் மனைவி. தையல் மெஷினைக்கூட யாருக்கும் இரவல் தராதவள்.

மேலிடம் அன்றைக்கு முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "நானும் எதையும் தொடுறதில்லைம்மா" என்றார். பிறகு டாக்டரிடம், "கீழ யாரு நிக்கிறது?"

டாக்டருக்குப் புரியவில்லை. வேலையிடத்திலிருந்து கூட வந்திருந்த டிராஃபிக்தான் விளக்கினான். "சிக்னல் யாரு காட்டுவாங்கன்னு கேக்குறாரு சார்."

டிராஃபிக் என்பதும் வேலையிடத்தில் வைத்த பெயர்தான், அவனுக்கு வேலையே கிரேனுக்குச் சிக்னல் காட்டுவது. கீழே நின்று கையாலேயே பேசுவான். தூக்கு, இறக்கு, நிறுத்து. மேலே இருப்பவர் தன் கண்ணை நம்பக் கூடாது, கீழே நிற்பவன் கையைத்தான் நம்ப வேண்டும். மேலிடத்துக்கு அவனுடைய ஹெல்மெட்டும் கைகளும் அத்துப்படி. மூஞ்சிதான் அவ்வளவு பழக்கமில்லை. தரையில் எதிரெதிரே நின்றால் இருவருக்கும் பேச்சே வராது, பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி நெளிவார்கள்.

டாக்டர் சிரிக்காமல் ஆள் அனுப்பி ஓர் இளம் டாக்டரம்மாவை வரவழைத்தார். "நான்தான் உங்க பக்கத்துல நிப்பேன்" என்றாள் அவள்.

"நிறுத்தணும்னா?"

"சொல்லுவேன், சாருக்கு மைக்ல கேக்கும். அதுபோக, சார் அந்தப் பெட்டியிலருந்து தலையை எடுத்தாலே கையெல்லாம் அப்படியே நின்னுடும்."

மேலிடம் தலையாட்டினார். அவருடைய லீவரிலும் ஒரு பொத்தான் உண்டு. விட்டால் நின்றுவிடும். ஆனாலும் கேட்டார். "மைக் செத்துப்போச்சுன்னா?"

டிராஃபிக் அவளுக்கு மூடிய முஷ்டியைத் தூக்கிக் காட்டினான். "இப்படிக் காட்டுங்க. எங்க ஊரு பாஷை, நிறுத்துன்னு அர்த்தம்."

"சாரு தலை பெட்டிக்குள்ள இருக்கும்ண்ணா, என் முஷ்டியை எங்க பாக்கப் போறாரு?" என்றாள். என்றாலும் ஒருமுறை காட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று மேலிடத்துக்குக் கூரையும் விளக்கும்தான் தெரிந்தன. ரோபோவுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, மழைக்கு மூடிவைத்த சைக்கிள் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள் அவரைக் குனிந்து பார்த்தன. பக்கத்தில் ஒரு கையுறை முஷ்டி எழுந்து இறங்கியது. சரி, கீழே ஆள் நிற்கிறது என்று நினைத்தார். அதற்கு மேல் ஞாபகமில்லை.

கண் விழித்ததும் டாக்டர் வந்து, நன்றாகச் சேர்ந்திருக்கிறது, உள்ளே தாங்கலுக்கு ஒரு மெல்லிய குழல் வைத்திருக்கிறோம் என்றார். மனைவி அழுதாள். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சமாசாரம் கேட்ட மாதிரி இருந்தது.

சில நாள் கழித்து, சிறுநீர் போக அடியில் போட்டிருந்த குழாயை முதலில் எடுத்தார்கள். பிறகு முதுகுக் குழாயைக் கிளிப் போட்டு மூடினார்கள். "இனிமே பைக்கு வராது. தைச்ச வழியாத்தான் இறங்கணும். வலியோ காய்ச்சலோ வந்தா உடனே சொல்லுங்க" என்றாள் இளம் டாக்டரம்மா. "தண்ணி நிறைய குடிங்க."

வாழ்நாளெல்லாம் எதை வராமல் தடுத்தாரோ, அதற்காக இப்போது மொத்த வார்டும் காத்திருந்தது. மனைவி டம்ளரோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"குடிங்க."

"இப்பத்தானே குடிச்சேன்."

"அது ஒரு வாய். இது டம்ளர்."

"தாராளமா போங்கண்ணே" என்றான் டிராஃபிக். "இங்க மேஸ்திரி கிடையாது."

மதியத்துக்கு மேல் அவர் எழுந்து கழிவறைக்குப் போனார். தாழ் போடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் கதவு ஒருக்களித்து நின்றது. வெளியே இருவரும் நின்றார்கள்.

"என்னங்க?"



அவர் சுவரில் விரிசல் விட்ட டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலாவுக்குக் கீழே இறுக்கமாக இருந்தது. அது வலியா, வெறும் தையலா என்று தெரியவில்லை. ஒன்றும் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை என்பது போலக்கூட இருந்தது. பிறகு வந்தது. முதலில் சொட்டாக, பிறகு துருத் தண்ணீர் நிறத்தில் ஒரு மெல்லிய இழையாக.

சொல்ல வாயைத் திறந்தார். குரல் எழும்பவில்லை. கதவிடுக்கில் கையை மட்டும் வெளியே நீட்டினார். ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்துச் சின்னதாக வட்டம் போட்டது.

"என்ன கேக்குறாரு? துண்டா?" என்றாள் மனைவி.

டிராஃபிக் அந்தக் கையையே பார்த்தான். இத்தனை வருஷத்தில் மேலிடம் அவனுக்குச் சிக்னல் காட்டியதில்லை.

"ஒண்ணும் வேணாம் அண்ணி" என்றான். "இறங்குதாம்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். விரல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, பாரத்தை அலுங்காமல் இறக்கும்போது சுற்றுகிற அதே வேகத்தில்.

"மெதுவாண்ணே" என்றான் டிராஃபிக் கதவைப் பார்த்து. "அவசரமே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து விரல் மடங்கி முஷ்டியானது.

"இப்ப என்னவாம்?"

"அடுத்த டம்ளர ஊத்துங்க அண்ணி."