கடைசி வீட்டுச் சாக்கடை

தங்கம்மாவுக்கு எப்போதும் மூக்குமேல் கோபம் என்பார்கள். அந்த வருஷம் கோபம் மட்டுமா? நாற்றமும் அல்லவா மூக்குமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது!

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு அவளுடையது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், அவன் பங்களாவில் ஜப்பான்காரன் குடியேறியிருந்த காலம். புருஷன் வேலப்பனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். லாரியில் ஏறும்போது அவன் சொன்னது ஒன்றுதான்: "வீட்ட விட்டு எங்கயும் போயிடாத புள்ள. வந்தா நேரா இங்கதான் வருவேன்." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டினாள்.

அந்த வீட்டுக்குத்தான் வந்தது வினை. வாசலை ஒட்டிய சாக்கடை திடீரென்று நாற ஆரம்பித்தது. வாயில் போட்ட மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்காத நாற்றம். தங்கம்மா விடுவாளா? அந்தப் பஞ்சத்தில் சோப்பு ஏது, பினாயில் ஏது? கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள், கட்டை விளக்குமாற்றால் தேய்த்தாள், அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். காலையில் அடங்கும்; மத்தியானம் மறுபடி குடலைப் புரட்டும்.

ஒருநாள் பங்களாவிலிருந்த ஜப்பான் அதிகாரி லயத்தைப் பார்வையிட வந்தான். கடைசி வீட்டின் முன்னால் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "குசாய்! குசாய்!" என்று கத்தினான்.

லயமே நடுங்கிப்போயிற்று. பக்கத்து வீட்டுச் சின்னையா பதறிக் கும்பிட்டார். "சாமி சத்தியமா நான் விடலீங்க தொரே!"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கிளாரன்ஸுக்கு நாலு ஜப்பான் வார்த்தை தெரியும். "யோவ், நாறுதுன்னு சொல்றான்யா!" என்று பல்லைக் கடித்தார். பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

"நாளைக்கு வருவானாம். அப்பவும் நாறுனா இந்த வீட்ட இடிச்சிடுவானாம். தங்கம்மா, இப்பவே சாமானக் கட்டிக்க லா. கீழ கொட்டகையில எடம் தரேன்," என்றார் கிராணி.

"எம்புருசன் வந்து எந்தக் கதவத் தட்டுவாரு?"

"சயாமுக்குப் போனவன் எங்க..." என்று இழுத்தார் கிராணி.

"வாயக் கழுவுங்க, கிராணி!"

அப்போதே சாக்கடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். அது பங்களாச் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் முடிந்தது. கோழிக் குடலும் கழுநீரும் அங்கிருந்துதான் இறங்கின. முன்பெல்லாம் அவை மறுபக்கப் பள்ளத்துக்குப் போகும். இப்போது அந்தப் பழைய வாய்க்காலை மண்போட்டு மூடி, சர்க்கரைவள்ளி நட்டிருந்தது. யார் கொல்லை? கிராணி கிளாரன்ஸின் கொல்லை! அடப் பாவி, தன் கிழங்குக்காக அடுத்தவள் வாசலுக்குச் சாக்கடையையே திருப்பிவிட்டானே!

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனாள். லயத்துப் பக்கம் இறங்கும் வாயைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். அடைத்துவிட்டு ஓடவில்லை. மண்வெட்டியை ஊன்றி அங்கேயே நின்றாள்.

கழுநீர் எதிர்த்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஏறியது. அதிகாரி மூக்கைப் பிடித்தபடி வெளியே பாய்ந்தான். "குசாய்!"

"ஆமா, குசாய்!" தங்கம்மாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லையைக் காட்டினாள். "குசாய் அங்க இருக்கு!"

பளாரென்று அறைந்தான். காது அடைத்துப்போயிற்று. நீட்டிய கையை மட்டும் அவள் மடக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள்: "குசாய்."

அவள் கை காட்டிய திசையில் அவன் பார்த்தான். போய்ப் பூட்சால் கொடியை விலக்கினான். மண்ணுக்குள் பழைய வாய்க்காலின் சிமெண்டு தெரிந்தது. கிராணியைக் கூப்பிட்டான். கிராணிக்கு விழுந்தது இரண்டு அறை. தங்கம்மாவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

தன் கிழங்கைத் தானே பிடுங்கி, தன் கையாலேயே வாய்க்காலைத் தோண்டினார் கிராணி. கடைசி வீடு தப்பியது. அவளுக்குக் குசாய் தங்கம்மா என்ற பேரும் நிலைத்துவிட்டது.

ஜப்பான் சண்டை முடிந்தது. சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். வேலப்பன் வரவில்லை. புது லயம் கட்டி எல்லாரும் மாறியபோதும் அவள் நகரவில்லை. விடிந்தால் வெந்நீரும் சாம்பலுமாகச் சாக்கடையில் நிற்பாள். "இன்னும் யாருக்காகம்மா?" என்று ஒருநாள் சின்னையா கேட்டேவிட்டார்.

"வீட்ட விட்டுப் போகாதன்னுதானே சொன்னாரு," என்றாள் தங்கம்மா, விளக்குமாற்றை உதறிக்கொண்டு. "வரமாட்டேன்னு சொல்லவே இல்லியே."