ஒன்றாம் இலக்கக் கொட்டை

எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டுவிட்டால் யாருக்கும் அநியாயம் நேராது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் இறப்பர் தோட்டத்தில் அப்பா கங்காணியானபோது அந்த நம்பிக்கையே சட்டமாயிற்று.

அதற்கு முன், பாதையோரத்துச் சமதரை மரங்கள் கங்காணிக்கு வேண்டியவர்களுக்கே போகும். மற்றவர்கள் மேட்டில் ஏறிப் பால் வெட்டுவார்கள். அப்பா மலையைச் சம எண்ணிக்கை மரங்களாகத் துண்டு பிரித்து, ஒவ்வொரு துண்டின் இலக்கத்தையும் ஓர் இறப்பர் கொட்டையில் கீறினார். வருடத்துக்கு ஒரு முறை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கொட்டைகளைப் பால் வாளியில் போட்டுக் குலுக்குவார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேண்டியவர், வேண்டாதவர் தெரியாது என்பதால், ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

முதல் வருடம் மேட்டு உச்சித் துண்டு அத்தைக்கு விழுந்தது. அத்தை அப்பாவின் அக்கா, துணைக்கு ஆளில்லாதவர். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருடைய இடது முழங்கால் மடங்காது. கூட்டத்தில் ஒரு பெண் கைதட்டிச் சிரித்தாள்.

“கங்காணி அக்காவுக்கே மேடு விழுந்துருச்சு! அப்ப இது ஒரிஜினல் சீட்டுதான்!”

அப்பாவின் முகத்தில் அன்று தெரிந்தது பெருமை என்றே எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார். “எனக்கு ரோட்டோரம்தானேங்க விழுந்திருக்கு. அத மதினிக்குக் குடுத்துட்டு நா மேட்டுக்குப் போறேன்.”

“அக்காங்கிறதாலதான் முடியாதுங்கிறேன். இன்னிக்கு அவங்களுக்கு மாத்துனா, நாளைக்கு லயமே வந்து வாசல்ல நிக்கும்.”

அந்த வருடம் முழுவதும் பால் நிறுக்கும் இடத்துக்கு அத்தைதான் கடைசியாக வந்து சேர்ந்தார். சரிவில் வாளியை ஒரு படி கீழே இறக்கி வைப்பார், பிறகு காலை இறக்குவார். பால் குறைந்த நாளில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். அரைப் பேர் கூடிப்போனால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால், தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். இதை அம்மா அடுப்படியில் முணுமுணுத்ததை நான் கேட்டிருந்தேன்.

ஆகவே மறுவருடம் விடியலிலேயே வாளியிலிருந்து ஒன்றாம் இலக்கக் கொட்டையை எடுத்து உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டேன். மேடே இல்லாத சமதரைத் துண்டு அதுதான். வயதில் மூத்தவர் என்பதால் அத்தையே முதலில் வந்தார். வாளிக்குள் கையை விட்டுத் துழாவுவதுபோல் துழாவி, அவர் கையில் வைத்தேன்.

அத்தை கொட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“சுடுதேடி,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. விடியலிலிருந்து என் கைக்குள்ளேயே இருந்த கொட்டை. பிறகு, “கை தவறிருச்சு,” என்று உரக்கச் சொல்லி அதை வாளிக்குள் போட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

“தம்பி, கால் மடங்காதவங்களுக்குச் சமதரைன்னு இத்தன பேருக்கு முன்னால நீயே சொல்லு. எனக்கு மட்டுமில்ல, நாளைக்கு யாருக்குக் கால் போனாலும். அப்படிச் சொன்னா சீட்டு இல்லாமலே வாங்கிக்கிறேன்.”

போன வருடம் சிரித்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா வாளியைத் தூக்கினார்.

“சீட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா,” என்று சொல்லிக் குலுக்கினார்.

நான் மறுபடி கையை விட்டேன். உள்ளே எல்லாக் கொட்டைகளும் ஒரே வழவழப்பு. கையில் வந்தது இன்னொரு மேட்டுத் துண்டு.

அடுத்த மழையில் அத்தை மறுபடி விழுந்தார். வேலை நின்றது, அறையும் போயிற்று. ஒரு தகரப் பெட்டியுடன் எங்கள் அறைக்கு வந்தார். நான் பல நாட்கள் அவருடன் பேசவில்லை. கைக்கு வந்த நல்ல துண்டை அவரே எறிந்துவிட்டாரே என்று கோபம். பின்னாளில் நீதியைப் பற்றி எத்தனையோ புத்தகங்களை வாசித்துவிட்டேன். அத்தை அன்று களத்தில் நின்று கேட்டது எல்லோருக்குமான ஒரு விதியை என்பதும், நான் ஒளித்துக் கொடுத்தது ஒரு பிச்சை என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

அம்மா காலமாகிவிட்டார். நான் இரத்தினபுரியில் இருக்கிறேன். லயத்தின் அந்த அறையில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் அக்காவும் தம்பியும்தான். இருக்கும் ஒற்றைக் கட்டில் அத்தைக்கு, கீழே பாய் அப்பாவுக்கு.