வெந்நீர்க் குழாய்க் கால்வாயில் ஐம்பத்தாறு

"ஆடி அமாவாசைக்கு மறுநாள். காலை 6 மணி: 56. மாலை 6 மணி: 56. விசிறி ஓடுகிறது."

பாய்லர் ஆபரேட்டரின் நோட்டில் உள்ள வரி இது. நான் மேலாளராக இருக்கும் ராமேசுவரம் விடுதியில், மூன்று கட்டடங்களுக்கும் வெந்நீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் முற்றத்துக்கு அடியில் சிமெண்டுக் கால்வாய்க்குள் போகின்றன. போன வருடம் ஒரு குழாய் துருப்பிடித்து ஓட்டையானது. அதன்பின் கால்வாயை உலர்வாக வைக்க ஒரு விசிறியும், ஈரப்பதம் காட்டும் மீட்டரும் பொருத்தினோம். அறுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரு வேளையும் பார்த்து எழுதுவது ஆபரேட்டரின் வேலை.

ஆவணியில் கால்வாயின் கடைசிக் கோடியில், மூன்றாம் கட்டடத்தருகே மறுபடியும் ஒழுகியது.

"நோட்டு பொய்யின்னா ஆள மாத்திருங்க" என்றார் முதலாளி, போனில்.

நோட்டை என் டைரியோடு வைத்துப் பார்த்தேன். மழை பெய்த நாட்களிலும் ஐம்பத்தாறு, மிஞ்சினால் ஐம்பத்தேழு. உட்கார்ந்த இடத்தில் எழுதிய எண்கள் என்றே நினைத்தேன். ஆபரேட்டரிடம் சொல்லாமல் இன்னொரு மீட்டர் வாங்கி, ஒழுகிய இடத்தில் கால்வாயின் கல் மூடுபலகையை நகர்த்தி உள்ளே தொங்கவிட்டேன். ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்றொன்று காட்டியது. அவரைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, நம்மூர்ல உப்பு டப்பாவே தண்ணி விடுது. ஒனக்கு மட்டும் எப்படி ஐம்பத்தாறு?"

"மீட்டரு காட்டுனதத்தான் எழுதுனேன் சார். வையிறதுன்னா அத வையுங்க."

பழைய மீட்டர் பாய்லர் அறையை ஒட்டி, விசிறி சூடான காற்றை உள்ளே தள்ளும் வாயிலேயே தொங்கியது. அங்கே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். அவரே இடம் மாற்றியிருப்பாரோ என்று அப்போதும் சந்தேகப்பட்டேன்.

"அங்கன மாட்டுனது யாரு?"

"பொருத்த வந்தவருதான். நீங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தீகளே சார்!"

என் போனில் அந்தப் படம் இருந்தது, தேதியோடு. மீட்டர் அதே இடத்தில்தான்.

"சரி, இந்தக் கோடியில மட்டும் ஏன் இவ்வளவு ஈரம்?"

அவர் கையை நீட்டினார். மூடுபலகைகள் மேல் வரிசையாகச் சேலைகள், வேட்டிகள்.

"தங்க வர்றவுக கடல்ல முங்கிட்டு வந்து பிழியாமப் போடுறாக. கல்லு சூடா இருக்குல்ல, சீக்கிரம் காயுது. வேணாம்னா, 'தீர்த்தம்ப்பா, ஒன்னும் செய்யாது'ங்கிறாக."

குனிந்து பார்த்தேன். பலகை இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

அன்றே முதலாளிக்கு எழுதினேன்: மீட்டரைக் கடைசிக் கோடிக்கு மாற்ற வேண்டும், இடுக்குகளைப் பூச வேண்டும், துணி காய மாடியில் கொடி கட்ட வேண்டும், ஆபரேட்டரை மாற்றத் தேவையில்லை. அவர் வேலை தப்பியது.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஆனியில் ஒரு வியாழன், காலை அளவை எழுதிவிட்டு, மச்சினன் கல்யாணத்துக்கு, பஸ்ஸில் மூன்று மணி நேரமாகும் அபிராமம் போனார் என்று என் டைரி சொல்கிறது. அன்று மாலை 6 மணிக்கும் அவர் கையெழுத்தில் 56 இருக்கிறது. "பந்தி முடிஞ்சதும் ஓடி வந்துட்டேன் சார்" என்கிறார். அன்று மாலை நான் ராமநாதபுரத்தில் இருந்தேன். அவர் வந்தாரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.