அழிக்க மறுத்த எஃப்

என் இரட்டைச் சகோதரன் ஆண்டர்ஸ் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவில் எஃப் வாங்கினான். நான் ஏ. அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் பள்ளியில் அதற்கு மேல் கிடையாது; இருந்திருந்தால் அதையும் வாங்கியிருப்பேன். எனக்கு அந்தத் திமிர் உண்டு.

அவன் தோற்றதற்குக் காரணம் மாடுகள். விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவோடு பால் கறக்கப் போவான், வகுப்பில் மேசைமேல் தலை வைத்துத் தூங்குவான். அந்தக் கோடையில் அப்பாவின் இடுப்பு எலும்பு தேய்ந்துபோக, மாடுகளை விற்றோம். அவற்றை ஏற்றிய லாரி போன மறுநாளும் ஆண்டர்ஸ் நாலு மணிக்கே விழித்தான். கறக்க மாடில்லை என்பது உடம்புக்குப் புரியவில்லை. காலித் தொழுவத்தில் விளக்கைப் போட்டு, தோற்ற அதே புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தான்.

பனிக்காற்று அறையும் ஜனவரியிலும் அந்த விளக்கு எரிந்தது. பத்தாம் வகுப்பில் அதே அல்ஜீப்ராவை மறுபடி எடுத்து, சி. பதினொன்றில் இரண்டு கணக்குப் பாடங்களைச் சேர்த்தெடுத்து, இரண்டிலும் பி. பன்னிரண்டில், பாதிப் பேர் பயந்து ஓடும் வேதியியல் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்கே வந்து, ஏ. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பிரமிப்பாக இருந்தது.

அவனுக்கு மாட்டு டாக்டராக வேண்டும். அதற்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம்: தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்துத் தேறினால், பழைய மதிப்பெண்ணை நீக்கச் சொல்லலாம். எல்லோரும் சொல்வார்கள்.

"ஒரு கையெழுத்துப் போடுப்பா. எஃப் போயிடும், சராசரி ஏறிடும்" என்றார் கல்லூரி விண்ணப்பங்களைக் கவனிக்கும் மிஸஸ் ஹாக்.

"வேண்டாங்க. இருக்கட்டும்."

காரில் ஏறியதும் வெடித்தேன். "டேய், மூளை கீளை இருக்கா உனக்கு? சராசரி கம்மியா இருந்தா தூக்கி ஓரமாப் போட்டுடுவாங்கடா!"

"அதை எடுத்துட்டா நான் யாரு? சுமாராப் படிக்கிற ஒருத்தன். அந்த மாதிரி ஊரெல்லாம் கெடக்கான். அது இருந்தாத்தான் எங்கேருந்து ஏறினேன்னு தெரியும்."

"தெரிஞ்சா? சிலை வைப்பாங்களா?"

"சீட்டு குடுத்தாப் போதும்."

பிப்ரவரியில் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த எஃப்பை எடுத்திருக்கலாமே தம்பி, ஏன் விட்டுவச்சே?"

"நான் வாங்கினதுதானே மேடம்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"சரி. வர்ற மார்க்கையும் பார்ப்போம். இறங்கக் கூடாது."

"இறங்காது மேடம்."

எதைப் பற்றியும் நான் அவ்வளவு நிதானமாகச் சொன்னதில்லை.

மார்ச்சில் இருவருக்குமே இடம் தந்து கடிதம் வந்தது. என்னுடையதைப் பார்த்துவிட்டு ஒரு பொரித்த சீஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அவனுடையதைத் திறந்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"சீட்டு எனக்கு, அழுகை உனக்கா?" என்றான் ஆண்டர்ஸ்.

நான் வாங்கிய எந்த 'ஏ' மதிப்பெண்ணும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.